கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிளட்சும் ஃப்ளைவீலும் வாங்குவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிளட்ச் மாற்றும் வேலையில் பெரும்பாடு கிளட்சை மாற்றுவதில் இல்லை. அதை எட்டுவதில்தான் இருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் சைலன்சர் குழாய், புரொபெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் பிணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஆகியவை கழன்ற பிறகுதான் கியர்பாக்ஸ் இறங்கும். போர்ஷே 944 இன்னும் மோசம். கிளட்ச் முன்னால் இன்ஜினோடும், கியர்பாக்ஸ் பின்னால் அச்சோடும் இருக்க, நடுவில் ஒரு டார்க் டியூப் ஓடுகிறது. அத்தனையையும் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச் கண்ணில் படும்.

எனவே, இந்த வேலையில் தப்பான பொருளை வாங்குவதன் உண்மையான நஷ்டம் அந்தப் பொருளின் விலை மட்டுமல்ல. திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் இந்த ஒரே கணக்கிலிருந்து வருவதுதான்: ஒருமுறை இறக்கினால், அடுத்த பல வருடங்களுக்கு அந்தப் பக்கம் போகும் அவசியம் வரக்கூடாது.

உதாரணத்துக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1989-இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அதில் ஒரே துண்டாக வார்த்த சாதாரண ஃப்ளைவீல். மற்றொன்று, 1997-இல் வந்த போர்ஷே 911, அதாவது 996 என்ற உள்பெயர் கொண்ட மாடல். அதில் இரட்டை நிறை ஃப்ளைவீல், மெக்கானிக்குகள் பேச்சில் டூயல் மாஸ். இந்த இரண்டுக்குமான விடைகள் பல இடங்களில் நேரெதிராக இருக்கும்.

1. பழுது கிளட்சில்தானா?

செய்ய வேண்டியவை

- ஸ்லிப் ஆகிறதா என்று சோதியுங்கள். காலியான சாலையில் நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம் அளவில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏற, வேகம் அதற்கேற்பக் கூடவில்லை என்றால் பிளேட் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறினால், தேய்மானம் பற்றிய கவலையைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

- ஸ்லிப் வேறு, டிராக் வேறு என்று பிரித்துப் பாருங்கள். பெடலை முழுக்க அழுத்தியும் ரிவர்ஸ் கியர் கறகறவென்று சத்தம் போட்டால், முதல் கியர் விழ மறுத்தால், கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். எம்எக்ஸ்-5 காரில் இதற்கு வழக்கமான காரணம் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் இரண்டே போல்ட்டில் நிற்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கியர்பாக்ஸைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

- எண்ணெய் கசிந்தால் அது புறப்படும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெல் ஹவுசிங் அடியில் சொட்டும் எண்ணெய் என்றதும் கிராங்க் பின்புற ஆயில் சீல்தான் போய்விட்டது என்பார்கள். பழைய எம்எக்ஸ்-5-இல் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் காய்ந்து கெட்டிப்பட்டால், எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். சில்லறைக் காசு ரப்பர் வளையம் அது.

செய்யக்கூடாதவை

- பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுப் பார்க்கும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் பிளேட்டும் இரண்டு மூன்று முறையில் கருகி நாறும். பிறகு உண்மையிலேயே மாற்ற வேண்டியதாகிவிடும்.

- சத்தத்தை மட்டும் வைத்து கிளட்ச் செட் வாங்காதீர்கள். பெடலை மிதிக்கும்போது வரும் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கேட்டுக்கொண்டிருந்து, பெடலை மிதித்ததும் அடங்கும் சத்தம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கலாம். பின்னதற்குப் புதுக் கிளட்ச் மருந்தில்லை.

2. கிளட்சைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிளேட் லைனிங்கின் உராய்வுத் தன்மை, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. விளம்பரம் எதைச் சொன்னாலும் இந்த நான்கில் ஒன்றைக் கூட்டித்தான் திறனைக் கூட்ட முடியும். ஒவ்வொன்றைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. உராய்வைக் கூட்டினால் கிளட்ச் பிடிப்பது முரடாகும். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். பரப்புகளைக் கூட்டி இரட்டை பிளேட் போட்டால் பணம் கரையும். ஆரத்தைக் கூட்டுவதில்தான் ஓட்டுபவருக்குத் தொல்லை குறைவு. ஆனால் அதற்கு உள்ளே இடம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- இன்ஜினின் டார்க் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 தருவது சுமார் 135 நியூட்டன் மீட்டர். 996-இன் 3.4 லிட்டர் இன்ஜின் தருவது 350. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாதவருக்குக் கம்பெனி கிளட்சே போதும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ சேர்த்திருந்தால், இப்போதைய டார்க்குக்கு மேல் கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் கிளட்சைப் பாருங்கள். அதற்கு மேல் போனால் பயன் இல்லை, பெடல்தான் கனக்கும்.

- காரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை உங்களுக்கே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு நாள் பந்தயத் தடத்திலும் மற்ற நாளெல்லாம் சிக்னல் நெரிசலிலும் ஓடும் கார், தெருக் கார்தான். அதற்கு ஆர்கானிக் லைனிங் போதும்.

- அதே கம்பெனியின் பெரிய இன்ஜினுக்கு வந்த கிளட்ச் உங்கள் காரில் உட்காருமா என்று பாருங்கள். 1.6 எம்எக்ஸ்-5-இல் வருவது 200 மி.மீ. பிளேட். 1994 மாடல் முதல் வந்த 1.8 இன்ஜினில் 215 மி.மீ. அந்த 1.8-இன் ஃப்ளைவீலையும் கிளட்சையும் சேர்த்து வாங்கினால் 1.6 இன்ஜினில் அப்படியே பொருந்தும். ஆரம் கூடுகிறது, பெடல் குணமோ ஏறக்குறைய மாறுவதில்லை. லேசாக டியூன் செய்த 1.6 காருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

- காரில் முதலில் கிளட்ச் போட்டுத் தந்த கம்பெனி எது என்று தெரிந்துகொண்டு, அவர்கள் பெட்டியிலேயே வாங்குங்கள். பல ஜப்பானியக் கார்களுக்கு எக்ஸெடி, போர்ஷேக்கு சாக்ஸ். கார் கம்பெனியின் பெட்டியில் வரும் அதே தரப் பொருள் இங்கே குறைந்த விலையில் கிடைக்கும்.

- சாசி நம்பரைச் சொல்லியே ஆர்டர் கொடுங்கள். மாடல் மாறிய வருடங்களில் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டு ஒன்றாகவும், உள்ளே இருக்கும் பாகம் வேறாகவும் இருக்கக்கூடும். பழைய கார் என்றால் இடையில் யாராவது இன்ஜினையே மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. இன்ஜின் நம்பரையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

- 'ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3' என்ற எண்களை நம்பி வாங்காதீர்கள். இவற்றுக்குப் பொதுவான தர அளவு எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 1-ஐ விடச் சாதுவாக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், லைனிங் என்ன பொருள், அழுத்தும் விசை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

- தெருவில் ஓடும் காருக்கு செராமிக் 'பக்' பிளேட் போடாதீர்கள். வட்ட லைனிங்குக்குப் பதில் மூன்று, நான்கு, ஆறு துண்டுகளாக வரும் இந்த பிளேட்டுகள் பந்தயத்துக்கானவை. சூட்டைத் தாங்கும், உண்மை. ஆனால் ஹாஃப் கிளட்ச் என்ற இடமே அவற்றில் இல்லை எனலாம். பிடித்தால் முழுப்பிடி, விட்டால் முழுவிடுதலை. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுப்பதற்குள் கார் நாலு குலுக்கல் குலுக்கிவிடும்.

- கெவ்லார் லைனிங் நீடித்து உழைக்கும் என்பதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அதைப் பழக்க நீண்ட பொறுமை வேண்டும். முதல் நாட்களிலேயே சூடேற்றிவிட்டால் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும்.

- நடுவில் ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை ஒரே துண்டு ஃப்ளைவீலோடு சேர்க்காதீர்கள். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பதிர்வும் எந்தத் தடையும் இல்லாமல் கியர் பற்களுக்குப் போகும். பந்தயக் குழுவுக்கு அது சரி. அவர்கள் கியர்பாக்ஸை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள்.

- பிரஷர் பிளேட் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் பேரிங். மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களின் ரப்பர் சீல்களுக்கும் கூடுதல் வேலை. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவருக்கு இது இன்ஜின் வரை போகும் செலவு.

- பிளேட் ஒரு கம்பெனி, பிரஷர் பிளேட் ஒரு கம்பெனி என்று கலக்காதீர்கள். தடிமனில் சிறு வேறுபாடு இருந்தாலும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் தப்பான கோணத்தில் நிற்கும்; அழுத்தும் விசையும் விடுபடும் இடமும் மாறிவிடும்.

- 'பழைய ஸ்டாக், அசல் கம்பெனி, பெட்டி பிரிக்காதது' என்றதும் மயங்காதீர்கள். போர்ஷே 944-இன் ஆரம்பகால பிளேட்டுகளில் நடுப்பகுதி ரப்பரால் ஆனது. வயதானால் ரப்பர் கிழிந்து, கார் திடீரென்று நகராமல் நின்றுவிடும். பின்னாளில் ஸ்பிரிங் வைத்த பிளேட்டுகள் அதன் இடத்துக்கு வந்தன. ரப்பர் பிளேட் பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

3. ஃப்ளைவீலைத் தேர்ந்தெடுப்பது

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் ஆசை இங்கேதான் தொடங்குகிறது: இலகு ஃப்ளைவீல். இதில் உண்மை எவ்வளவு என்பதை எம்எக்ஸ்-5-ஐ வைத்தே கணக்குப் போடலாம். மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் 4 கிலோ குறைத்ததாக வைத்துக்கொள்வோம். 1.6 காரில் முதல் கியர் விகிதம் 3.136, டிஃபரென்ஷியல் 4.3, பெருக்கினால் 13.5. இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பலன் பெருகுகிறது. 185/60 ஆர்14 டயரின் ஆரம் சுமார் 29 செ.மீ. முடிவு: முதல் கியரில் காரிலிருந்து 85 கிலோவுக்கு மேல் இறக்கியதற்குச் சமம். ஒரு டன்னுக்கும் குறைவான காரில் இது பெரிய தொகை. ஐந்தாம் கியரிலோ விகிதம் 0.814, அதே 4 கிலோவின் பலன் வெறும் 6 கிலோ.

ஆக, இலகு ஃப்ளைவீல் குதிரைத் திறனைக் கூட்டுவதில்லை. கீழ் கியர்களில் ஆர்பிஎம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். வளைவுக்கு முன் கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டுபவருக்கு அந்த வித்தியாசம் காலில் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போகிறவருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை

- எங்கே எடை குறைந்திருக்கிறது என்று பாருங்கள். சுழலும் பொருளில் மையத்துக்கு அருகில் இருக்கும் எடைக்கு மதிப்பு குறைவு, விளிம்பில் இருப்பதற்கு அதிகம். மொத்த எடையைக் குறிப்பிட்டுவிட்டு நிலைமத் திருப்புத்திறனைச் சொல்லாத விளம்பரம் பாதித் தகவலைத்தான் தருகிறது.

- தெருவிலும் பந்தயத் தடத்திலும் ஓடும் காருக்கு நடுத்தர எடையுள்ள எஃகு ஃப்ளைவீலைப் பாருங்கள். மிக இலகுவான அலுமினியத்தில் கார் கிளம்பும்போது ஆர்பிஎம்மைச் சற்று ஏற்றித்தான் கிளட்சை விட வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இன்ஜின் அணைந்து போகும். அலுமினியம்தான் என்று முடிவெடுத்தால், உராயும் பரப்பு மாற்றக்கூடிய எஃகுத் தகடாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

- பழைய ஒரே துண்டு ஃப்ளைவீல் நன்றாக இருந்தால், லேத்தில் கொடுத்துப் பரப்பை மட்டும் சீராக்கி அதையே போடுங்கள். எம்எக்ஸ்-5-ஐ அன்றாடம் ஓட்டுபவருக்கு இதுவே சரியான தேர்வாக இருக்கலாம். கார் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் பிளேட் உட்காரும் இடம் படியாக இருந்தால், அந்தப் படியின் உயரமும் மாறாமல் கடைய வேண்டும்.

- டூயல் மாஸ் இருந்தால் அதை முதலில் சோதியுங்கள். இரு துண்டுகளுக்கு நடுவே நீண்ட ஸ்பிரிங்குகளும் கிரீஸும் இருக்கின்றன. ஒரு துண்டை மற்றொன்றுக்கு எதிராகக் கையால் திருகினால் ஸ்பிரிங் எதிர்ப்போடு சற்று அசைந்து திரும்ப வர வேண்டும். கடகடவென்ற வெற்றாட்டம், விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது தள்ளாட்டம், வெளியே வழிந்த கிரீஸ், நீலம் பாரித்த பரப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புதிது வாங்குங்கள். அளவுகளுக்குக் கம்பெனிக் கையேட்டைப் பாருங்கள்.

- பந்தயத்துக்கு வாங்கினால் எஸ்எஃப்ஐ 1.1 சான்று பெற்றதை வாங்குங்கள். ஃப்ளைவீல் அதிவேகத்தில் வெடித்துச் சிதறுவது பந்தய உலகம் கண்டு பயந்த விபத்து. அதற்காகவே வந்த சான்று இது.

செய்யக்கூடாதவை

- டூயல் மாஸை எடுத்துவிட்டு ஒரே துண்டு போடுவதை வெறும் செலவு மிச்சமாகப் பார்க்காதீர்கள். இன்ஜினின் அதிர்வு கியர்பாக்ஸை எட்டாமல் விழுங்குவதுதான் அதன் வேலை. அதை எடுத்தால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கோலிக்குண்டு டப்பாவைக் குலுக்கும் சத்தம் வரும். கியர்பாக்ஸுக்கு அது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. உங்கள் பொறுமைக்குச் செய்யும். 996-இன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் அதிர்வையும் இந்த ஃப்ளைவீல்தான் அடக்குகிறது என்று சொல்லி, அதை எடுக்க வேண்டாமென எச்சரிக்கும் இன்ஜின் வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

- போர்ஷேயே இலகு ஃப்ளைவீல் போட்டது என்ற ஒற்றை வாதத்தோடு நிற்காதீர்கள். 1992 மாடல் 911 ஆர்எஸ், 964 தலைமுறை, இலகுவான ஒரே துண்டு ஃப்ளைவீலோடு வந்தது உண்மை. அதே ஆர்எஸ் காரின் டூரிங் வகைக்கு டூயல் மாஸ் போட்டதும் அதே போர்ஷேதான். ஒரே இன்ஜின், இரண்டு விதமான ஓட்டுநர்கள்.

- அளவு பொருந்தினால் போதும் என்று வேறு இன்ஜினின் ஃப்ளைவீலைப் போடாதீர்கள். ஃபோர்டின் 302 வி8 இன்ஜினில் 1980களின் தொடக்கம் வரை 28 அவுன்ஸ்-அங்குலச் சமநிலை. அதற்குப் பின் 50. இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருந்தும், கார் கிளம்பும், இன்ஜின் அதிர்ந்தே பாழாகும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டரி இன்ஜினில் எதிர் எடை ஃப்ளைவீலோடு சேர்ந்தே இருக்கிறது. அதற்கு இலகு ஃப்ளைவீல் வாங்குபவர், அந்த ஆண்டு ரோட்டருக்கு ஏற்ற தனி எதிர் எடையையும் சேர்த்து வாங்கியே ஆக வேண்டும்.

- சென்சார் பற்களை மறக்காதீர்கள். 996, 944 போன்ற கார்களில் கிராங்க் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் ஃப்ளைவீலிலிருந்துதான் படிக்கிறது. அந்தக் குறிகள் இல்லாத ஃப்ளைவீலைப் போட்டால் இன்ஜின் கிளம்பாது. புதிய கார்களில் ஃப்ளைவீல் மிக இலகுவானால், இல்லாத மிஸ்ஃபயரைக் கம்ப்யூட்டர் இருப்பதாக எண்ணி எச்சரிக்கை விளக்கை எரிய விடுவதும் உண்டு.

- வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து எடை குறைக்காதீர்கள். பரப்பைச் சீராக்குவது வேறு, சதையைக் கரைப்பது வேறு. வலு குறைந்த வார்ப்பிரும்பு 7,000 ஆர்பிஎம்மில் உடைந்தால், அது பறக்கும் திசையில் உங்கள் கால்கள் இருக்கின்றன.

4. பிரித்த கையோடு மாற்ற வேண்டியவை

செய்ய வேண்டியவை

- ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்புற ஆயில் சீல், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் ஃபோர்க்கின் பிவட்டும் பேரிங் ஓடும் வழிக்குழாயும் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அவையும் பட்டியலில் சேரட்டும்.

- 996 வைத்திருப்பவர் ஐஎம்எஸ் பேரிங்கைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுதான். அந்த இன்ஜினின் இடைத்தண்டு பேரிங் ஃப்ளைவீலுக்குப் பின்னால், ஒரு சிறு மூடிக்குள் இருக்கிறது. அது நொறுங்கினால் முழு இன்ஜினும் போகும். 2000-க்குப் பிறகு வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் பேர் வாங்கிக் கட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான மாடல்களுக்காக நடந்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. கிளட்சும் ஃப்ளைவீலும் கழன்றிருக்கும்போது அதை மாற்றும் கூடுதல் கூலி கொஞ்சம்தான். 911 டர்போ, ஜிடி3 கார்களில் வேறு இன்ஜின். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

- ஹைட்ராலிக் எண்ணெயை முழுக்க மாற்றுங்கள். வயதான ஸ்லேவ் சிலிண்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். கிளட்ச் உறையின் உள்ளே, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் கார் என்றால், அது நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பின்னால் கசிந்தால் மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும்.

செய்யக்கூடாதவை

- ஃப்ளைவீல் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பல கார்களில் இவை இறுக்கும்போது நீண்டு கொடுக்கும் வகை. ஒருமுறை நீண்டதற்கு இரண்டாம் முறை அதே பிடிப்பு இருக்காது.

- எல்லாக் காருக்கும் பிரேக் ஆயில்தான் என்று ஊற்றாதீர்கள். சாதாரண 996-இல் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவைப் பகிர்கின்றன. அதே தலைமுறை 911 டர்போவில் கிளட்சுக்கு உதவுவது பவர் ஸ்டீயரிங் பக்கத்து பென்டோசின் எண்ணெய். மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிப் போகும்.

5. பொருத்தும்போது

வேலையை மெக்கானிக்தான் செய்வார் என்றாலும், காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய சில இடங்கள் உண்டு.

செய்ய வேண்டியவை

- புது பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் அந்தப் பரப்புகளைத் தொடக்கூடாது.

- பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டில் வெறுமனே கோத்துத் தடையில்லாமல் சறுக்குகிறதா என்று பார்த்த பிறகே பொருத்தச் சொல்லுங்கள். பற்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

- பற்களில் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். அதிகமானால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் ஒட்டும். புதுக் கிளட்ச் முதல் நாளே ஸ்லிப் ஆகும்.

- பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகைக் கிளட்ச் என்றால், அதன் வளையத்தைப் பின்னுக்குப் பிடித்துவைக்கும் தனிக் கருவி இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

- பிளேட்டில் 'ஃப்ளைவீல் பக்கம்' என்று குறித்திருப்பதைப் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் உரசும், கிளட்ச் விடுபடாது.

- கியர்பாக்ஸின் எடை முழுவதையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டில் தொங்க விடாதீர்கள். ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட்டின் நடு வளையும். போல்ட் போட்டு இழுத்து கியர்பாக்ஸை உட்கார வைக்கவும் கூடாது. கையால் தள்ளி உட்காரவில்லை என்றால் பிளேட் மையத்தில் இல்லை.

- 996-இன் ஐஎம்எஸ் மூடியை டைமிங்கைப் பூட்டாமல் கழற்ற விடாதீர்கள். இந்த வேலையை முன்பு செய்திருக்கிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

6. முதல் 800 கிலோமீட்டர்

செய்ய வேண்டியவை

- பழக விடுங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை சொல்கிறார்கள். அதிலும் ஊருக்குள் ஓடும் கிலோமீட்டர்தான் கணக்கு. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 300 கி.மீ. போனால் கிளட்ச் ஒன்றிரண்டு முறைதான் வேலை செய்திருக்கும். அதைப் பழகியதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

- பெடல் பிடிக்கும் இடம் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஹைட்ராலிக் குழாயில் மிஞ்சிய காற்று இருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

செய்யக்கூடாதவை

- புதுக் கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்க முதல் நாளே ஆர்பிஎம்மை ஏற்றிச் சீறிக் கிளம்பாதீர்கள். பழகாத லைனிங் முழுப்பரப்பில் உட்கார்ந்திருக்காது. தொட்டுக்கொண்டிருக்கும் மேடுகள் மட்டும் கருகும்.

- கழற்றிய பழைய பாகங்களைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பிளேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, பிரஷர் பிளேட்டில் நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் என்றால் ஒரு சீல் இன்னும் பாக்கி. நீலம் என்றால் ஹாஃப் கிளட்ச் பழக்கம் பாக்கி. முதலாவதை கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். இரண்டாவதைச் சரிசெய்யாமல் எந்தக் கம்பெனி கிளட்ச் போட்டாலும், அதே கூலியை மறுபடி எண்ணி வைக்க வேண்டியிருக்கும்.